சலவைக் கடையில் ஒரு சங்கீத மண்டபம்

யாத்திரை போவோர் பலதிறப்படுவர். கோயில் தரிசனத்துக்கென்று போவோர் சிலர். கோட்டை கொத்தளங்களைக் காணப் போவோர் சிலர். கடற்காற்று வாங்கப் போவோர் சிலர். சலவைக் கடை ஒன்றைக் காண்பதற்காக 350 மைல் பிரயாணஞ் செய்தோர் எம்மையன்றி வேறெவரும் உளரோ என்பது ஐயமே. 2016ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழும் எமது தமக்கையார் வீட்டில் நாம் தங்கியிருந்த வேளையில் அப்பிரயாணம் நிகழ்ந்தது.

"மாமா, உடுப்புத் தோய்க்கிற கடையைப் பாக்கவோ நியூ ஓர்லியன்ஸ் போகவேணும் எண்டு நிக்கிறீங்கள்?" என்று தமக்கையாரின் மகன் சிரித்தான். கார் ஓட்டவேண்டியவன் அவன். ஆகவே அவனுக்குக் காரணஞ் சொல்லும் கடமை எமக்கிருந்தது.

காரணம் எமது தந்தையார் வைத்திருந்த ஓர் இசைத்தட்டு. வாலிபராயிருந்த காலத்திற் கொழும்பில் உத்தியோகம் பார்த்த அவர், ஆசைப்பட்டு வாங்கிய ஆங்கிலத் தட்டுகள் சிலவற்றுள் ஃபற்ஸ் டொமினோ என்னும் கறுப்பினப் பாடகர் பாடியதும் ஒன்று. தேவாரமும் நாதஸ்வரமும் ஒலித்த எம் வீட்டில் அத்தட்டு ஒரு விருந்தாளியைப் போல இருந்தது. அதைச் சுழலவிடும்போதெல்லாம் தந்தையார் நடுவிலுள்ள வட்டத் தாளைச் சுட்டிக் காட்டி, "பாடினவன்ரை பேர் கிடக்கு, பாட்டுக் கட்டினவன்ரை பேரும் கிடக்கு. இந்த அடி அடிக்கிறவன்ரை பேர் எங்கை?" என்று கேட்பார். கச்சேரி நோட்டீசிற் பாடகர் பெயரின் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று அச்சிட்டுப் பழகிய நம்மவருக்கு அக்கேள்வி இயல்பானதே.

தந்தையார் மறைந்த பின்னர் அக்கேள்வி எம்மிடம் தங்கிவிட்டது. விடை தேடிப் படிக்கப் படிக்க, நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வீதிமுனை ஒன்றிலுள்ள சிறு கட்டடத்தை வந்தடைந்தோம். அக்கட்டடம் இப்போது சலவைக் கடை. எமது யாத்திரைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை மருமகனுக்கு அன்று நாம் சொல்லவில்லை. வாசகர்களுக்கு இக்கட்டுரையின் முடிவிற் சொல்வோம்.

நகரமும் அதன் தாளமும்

ஹூஸ்டனிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளைக் கடந்து லூசியானா மாநிலத்திற் புகுந்ததும், நிலம் தாழ்ந்து நீராகிவிடுகின்றது. அற்சாபலாயா என்னும் சதுப்புநிலத்தின் மேலாக 18 மைல் நீளமான பாலம் ஒன்று செல்கின்றது. இருபுறமும் நீருக்குள் நின்ற மரங்கள் இலையுதிர்த்து நரைத்திருந்தன. அப்பாலத்தைத் தாண்டிச் சில மணி நேரத்தில் மிசிசிப்பி நதியின் வளைவில் அமைந்த நியூ ஓர்லியன்ஸ் நகரை அடைந்தோம்.

1718இற் பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகர் இது. பின்னர் ஸ்பானியர் ஆண்டனர். மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1803இல் அமெரிக்காவுக்கு விலைப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெளியிற் கூடி முழவு கொட்டி ஆடினர். கொங்கோ சதுக்கம் எனப்படும் அவ்விடம் இன்று பூங்காவொன்றின் பகுதியாயுள்ளது. அப்பூங்காவுக்கு இடப்பட்டிருக்கும் பெயர் லூயி ஆம்ஸ்ட்ரோங். 1901இல் இந்நகரிற் பிறந்து, ஜாஸ் இசையை உலகறியச் செய்த ட்ரம்பெற் வித்துவான் அவர். ஜாஸ் பிறந்த ஊர் நியூ ஓர்லியன்ஸ் என்பதைப் பலரும் அறிவர். அதே ஜாஸ் வாத்தியக்காரரின் கைகளே பின்னர் றிதம் அன்ட் புளூஸ் என்னும் இசைக்கும், அதன் வழிவந்த றொக் அன்ட் றோல் இசைக்கும் அத்திவாரமிட்டன என்பதை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

கனால் வீதியிலிருந்து றம்பார்ட் வீதி வழியாகச் செல்லும் சிவப்பு நிற ட்ராம் வண்டியில் ஏறினோம். அவ்வீதியில் அந்த ட்ராம் சேவை அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் தொடங்கியிருந்தது. யன்னலோர ஆசனமொன்றில் நாம் அமர்ந்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1958ஆம் ஆண்டு வரை இந்நகரத்து ட்ராம் வண்டிகளிலும் பஸ்களிலும், ஆசனங்களின் முதுகிற் செருகத்தக்க மரப்பலகை ஒன்று இருந்தது. கறுப்பினத்தார் அப்பலகைக்குப் பின்னாலேதான் அமரவேண்டும். நாம் காணச் சென்ற கட்டடத்துக்கு வாத்தியப் பெட்டியோடு ட்ராமிலோ பஸ்ஸிலோ வந்த கலைஞர் எவரும் அப்பலகையின் பின்னால் அமர்ந்தே வந்திருத்தல் வேண்டும். மருமகனுக்கு இதைச் சொன்னோம். அவன் சற்றுநேரம் பேசாதிருந்து, "எங்களையும் பின்னுக்குத்தான் இருத்தியிருப்பாங்களோ, மாமா?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை.

கடையின் பின்புறத்து அறை

வடக்கு றம்பார்ட் வீதியும் டுமெயின் வீதியும் சந்திக்கும் முனையில் இறங்கினோம். எதிரே ஆம்ஸ்ட்ரோங் பூங்கா. முனையில் நின்ற பழைய கட்டடத்தின் வாசற்படியில், "ஜே அன்ட் எம்" என்ற பழைய கடையின் பெயர் இன்னும் தரையில் பதிந்திருந்தது. அதை மிதிக்க மனம் வராமல் ஒதுங்கி உள்ளே சென்றோம். சலவை இயந்திரங்கள் வரிசையாக நின்று சுழன்றுகொண்டிருந்தன. சவர்க்கார வாசனையும் வெந்நீரின் ஆவியும் கலந்திருந்தன. சுவரிலே பழைய வாத்தியக்காரரின் படங்கள். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த முதிய கறுப்பின அம்மையார் ஒருவர் எம்மைப் பார்த்துப் புன்னகைத்து, கையில் அழுக்கு மூட்டை இல்லாமல் வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்க்க வருகிறவர்களே என்றார்.

இக்கடையின் சரித்திரம் இது. கொசிமோ மத்தாசா என்பவர் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றின் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவர் படிப்பை விட்டுவிட்டு, தமது குடும்பத்தார் கூட்டாக நடாத்திய வியாபாரத்திற் சேர்ந்தார். நாணயம் போட்டாற் பாடும் இசைப்பெட்டிகளைக் கடைகளுக்கு வாடகைக்கு வைப்பது அவ்வியாபாரம். அதனோடொட்டி இசைத்தட்டுகளும் வானொலிப் பெட்டிகளும் விற்கும் கடையை இம்முனையில் வைத்தனர். கடையின் பின்புறத்து அறையில், 1945ஆம் ஆண்டு, இருபது வயதும் நிரம்பாத கொசிமோ ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்தார். அவ்வறை ஏறக்குறைய 15 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது. எமது கல்லூரி வகுப்பறையிற் பாதியளவும் வராது.

அந்தச் சிற்றறையில் 1947இல் றோய் பிறவுண் பாடினார். 1949இல் ஃபற்ஸ் டொமினோ பாடினார். 1952இல் லோயிட் பிறைஸ் பாடினார். 1955இல் லிற்றில் றிச்சர்ட் பாடினார். இவர்கள் பெயர்களை உலகம் அறியும். இவர்களைச் சூழ நின்று வாசித்தவர்கள் யாவர் என்பதே எமது தந்தையாரின் கேள்வி.

ஜாஸ் வித்துவான்கள் ஏன் வந்தனர்?

இரண்டாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னர் அமெரிக்காவில் நடனத்துக்கு வாசித்தவை, பதினைந்துக்கு மேற்பட்டோர் கொண்ட பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள். யுத்தம் அவற்றின் முதுகெலும்பை முறித்தது. இளைஞர் படைக்குச் சென்றனர். பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 ஓகஸ்ட் முதல் வாத்தியக்காரர் சங்கம் இசைத்தட்டுக் கம்பனிகளுக்கெதிராக வேலைநிறுத்தஞ் செய்தது. 1944இல் நடன மண்டபங்கள் மீது கடும் வரி விழுந்தது. யுத்தம் முடிந்தபோது அத்தனை பேருக்குச் சம்பளங் கொடுக்கக்கூடிய தலைவர்கள் அருகினர். பதினைந்து பேர் நின்ற மேடையில் ஏழெட்டுப் பேரே நின்றனர், பாடுபவர் முன்னுக்கு வந்தார், தாளம் கனத்தது. கறுப்பின மக்களுக்கென விற்கப்பட்ட இசைத்தட்டுகளை அதுவரை "இனத் தட்டுகள்" என்று குறிப்பிட்டு வந்த பில்போட் என்னும் வியாபாரப் பத்திரிகை, 1949 ஜூன் மாதத்தில் அப்பெயரைக் கைவிட்டு, றிதம் அன்ட் புளூஸ் என்னும் பெயரைச் சூட்டியது.

பெயர் புதிது; வாசித்த கைகளோ பழையவை. நியூ ஓர்லியன்ஸில் அக்கைகளை ஒன்று சேர்த்தவர் டேவ் பார்த்தலோமியு. 1918இற் பிறந்த இவருக்கு ட்ரம்பெற் கற்பித்தவர் பீற்றர் டேவிஸ். சிறுவன் ஆம்ஸ்ட்ரோங்கிற்கு வழிகாட்டிய அதே ஆசான். மிசிசிப்பி நதிக் கப்பல்களில் ஜாஸ் வாசித்தும், யுத்த காலத்தில் இராணுவ வாத்தியக் குழுவிலிருந்து இசை எழுதும் முறை கற்றும் தேர்ந்த பார்த்தலோமியு, யுத்தத்தின்பின் நகரத்தின் சிறந்த வாத்தியக்காரரைத் தமது குழுவிற் சேர்த்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இம்பீரியல் கம்பனி இந்நகரிற் பாடகரைத் தேடி வந்தபோது அதற்குக் கைகொடுத்தவர் அவரே.

குழுவின் முழவுக் கலைஞர் ஏர்ல் பாமர். 1924இல், இதே றம்பார்ட் வீதியின் மறுபுறத்து ட்ரெமே வட்டாரத்திற் பிறந்தவர். சிறுவயதில் ஊரூராகச் சென்ற கூத்துக் குழுவில் கால்தட்டி ஆடியவர். யுத்தத்தினின்று மீண்டபின், படைவீரர் கல்விக்கென அரசு வழங்கிய பணத்தைக் கொண்டு இசைப்பள்ளியிற் சேர்ந்து முறையாகப் படித்தார். சாக்சபோன் வாசித்த அல்வின் டைலரும் அவ்வாறே படித்தவர். அவரை "ரெட்" டைலர் என்றழைப்பர். மற்றைச் சாக்சபோன் கலைஞர் லீ அலன், கல்லூரி உதவிப்பணம் பெற்று வெளியூரிலிருந்து இந்நகர் வந்தவர். பேஸ் வாசித்தவர் பிராங் ஃபீல்ட்ஸ். இவர்கள் தம்மை ஜாஸ் வாசிப்போர் என்றே எண்ணினர். பாமர் தம் முதுமையிலும் தம்மை ஜாஸ் முழவுக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். கூலிக்கு வாசிக்கும் வேலை முடிந்த பின்னர், நள்ளிரவு கடந்து விடியும்வரை, தமக்கென அவர்கள் வாசித்தது ஜாஸ்.

பதினைந்தடி அறையில் நிகழ்ந்தது

1949 டிசெம்பர் 10ஆம் நாள், 21 வயதான ஃபற்ஸ் டொமினோ முதன்முதலாக ஒலிப்பதிவுக்கென இவ்வறைக்குள் வந்தார். அன்று பதிவான பாட்டுகள் எட்டு. அவற்றுள் ஒன்று "த ஃபற் மான்". அடுத்த ஆண்டு றிதம் அன்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது.

அக்காலத்து ஒலிப்பதிவு எவ்வாறு நிகழ்ந்ததென்று இக்கால மாணவர் அறிதல் நன்று. இன்று ஒருவர் பிழைவிட்டால் அவரது பகுதியை மட்டும் வெட்டித் திருத்தலாம். அன்றோ, பாட்டு நேரே தட்டிற் பொறிக்கப்பட்டது. அனைவரும் சில ஒலிவாங்கிகளைச் சுற்றி நின்று ஏககாலத்தில் வாசிக்கவேண்டும். குரலுக்கும் வாத்தியத்துக்கும் அளவு வகுத்தது பொத்தான் அன்று, நிற்கும் தூரம். உரத்து ஒலிப்பவர் பின்னே நின்றார். மெல்ல ஒலிப்பது முன்னே வந்தது. ஒருவர் கை தவறினால் அத்தட்டு வீண். எல்லாரும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். இசைக்குறிப்பு எழுதிய தாளும் பெரும்பாலும் இருப்பதில்லை. பாடகர் ஒருமுறை பாடிக்காட்டுவார். வாத்தியக்காரர் அந்த இடத்திலேயே பின்னணியை ஆக்கி, மனத்தில் இருத்தி, மறுமுறை பிசகாமல் வாசிப்பர்.

கேட்டவுடன் ஆக்குதல், ஆக்கியதை நினைவில் வைத்தல், அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டுத் தம்மை அடக்குதல்: இம்மூன்றும் ஜாஸ் வித்துவானின் பயிற்சி. நமது பக்கவாத்தியக்காரரின் பயிற்சியும் இதுவேயன்றோ! ஆகவேதான் எளிய பாட்டுக்கு வலிய வித்துவான்கள் வேண்டியிருந்தனர்.

அன்று பாமர் செய்த காரியம் ஒன்றுண்டு. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் நம் கை முதல் எண்ணிக்கையிற் பலமாக விழும். பாமரின் தடியோ இரண்டிலும் நான்கிலும் பலமாக விழுந்தது. இது அவர் கண்டுபிடித்த புதுமையன்று. நியூ ஓர்லியன்ஸின் பழைய ஜாஸ் வகையில், பாட்டு முடியும் தறுவாயில், எல்லா வாத்தியமும் எழும் கடைசிச் சுற்றில் முழவுக்காரர் அவ்வாறு அடிப்பது வழக்கம். முடிவுக்கென்று வைத்திருந்த அந்த உச்சத்தைப் பாமர் பாட்டின் தொடக்கத்திலிருந்தே அடித்தார். டொமினோவும் தமது பங்குக்கு, பாட்டின் நடுவே சொற்களை விட்டுவிட்டு, வாயடைத்து ஊதும் ட்ரம்பெற்றைப் போன்று குரலால் ஊதினார்.

பார்த்தலோமியு வேறொன்று செய்தார். கியூபா நாட்டு ரும்பா இசைத்தட்டில் தாம் கேட்ட பேஸ் நடையொன்றைத் தமது பாட்டில் அமைத்த அவர், அத்தகைய நடையைப் பேஸ், கிட்டார், சாக்சபோன் ஆகிய மூன்றும் ஒன்றாக வாசிக்கும்படி செய்தார். இன்று உலகெங்கும் நாம் கேட்கும் கனத்த அடிக்குரலுக்கு அது ஒரு தாய்வேர்.

1955 செப்டெம்பர் நடுப்பகுதியில் லிற்றில் றிச்சர்ட் வந்தார். ஒலிப்பதிவு சோபிக்கவில்லை. மதிய உணவுக்கு டியூ ட்ரொப் இன் என்னும் விடுதிக்குச் சென்ற இடத்தில், அங்கிருந்த பியானோவில் அமர்ந்து, களியாட்டக் கூடங்களிற் பாடும் கொச்சையான பாட்டொன்றை அவர் உரக்கப் பாடினார். உடன் வந்த கம்பனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டொறத்தி லபொஸ்றி என்னும் பெண்மணி அவசரமாகச் சொற்களை மாற்றிக் கொடுத்தார். ஒலிப்பதிவு நேரம் முடிவதற்கு இருந்த சில நிமிடங்களில் "ருற்றி ஃபுறுற்றி" பதிவாயிற்று. சாக்சபோனில் அலனும் டைலரும், முழவிற் பாமர்.

ஜாஸின் நடை நொண்டி நடை போன்றது. நெடிலும் குறிலுமாய்த் துள்ளிச் செல்லும். நமது திஸ்ர நடைக்கு அது ஓரளவு உறவு. லிற்றில் றிச்சர்ட்டின் வலக்கையோ பியானோக் கட்டைகளைச் சமமாக, இடைவிடாது, சுத்தியல் போல் அடித்தது. சதுஸ்ர நடை எனலாம். அந்தக் கையோடு பொருந்துவதற்காகவே தாம் பழகிய நடையை மாற்ற நேர்ந்ததென்று பாமர் பின்னாளிற் கூறினார். உலகம் றொக் அன்ட் றோல் என்று கொண்டாடும் தாளம், ஒரு பக்கவாத்தியக்காரர் பாடகரின் கையைக் கவனித்துக் கேட்டதால் உருப்பெற்றது.

மற்றைய நகரங்களிலும் இதே கதைதான். லயனல் ஹாம்ப்டன் குழுவில், லூசியானாவிற் பிறந்த இலினோய் ஜாக்கே 1942இல் வாசித்த சாக்சபோன் தனியாவர்த்தனம், பிற்கால றிதம் அன்ட் புளூஸ் சாக்சபோன் கலைஞருக்குப் பாலபாடமாயிற்று. நியூ யோர்க் நகரில், 1954இல் பிக் ஜோ ரேணர் பாடிய "ஷேக், றாட்டில் அன்ட் றோல்" பாட்டுக்கு முழவு வாசித்த கொனி கே, மறுவருடம் மொடேர்ண் ஜாஸ் குவார்ட்டெற் என்னும் நாகரிகமான ஜாஸ் குழுவிற் சேர்ந்து, பல்லாண்டு அதன் முழவுக்காரராய் விளங்கினார்.

கூலியும் பெயரும்

இத்தனைக்கும் அவர்கள் பெற்றது யாது? சங்கம் வகுத்த கூலி. 1950களின் நடுப்பகுதியில் மூன்று மணிநேர ஒலிப்பதிவுக்கு வாத்தியக்காரர் ஒருவரின் கூலி 41 டொலர் 25 சதம். தட்டு பத்து இலட்சம் விற்றாலும் அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. தட்டிற் பெயரும் இல்லை. அத்தட்டுகளின் பாட்டை வெள்ளையப் பாடகர் திரும்பப் பாடி மேலும் அதிகமாக விற்றதும் உண்டு. "ருற்றி ஃபுறுற்றி" பாட்டைப் பற் பூண் பாடிய தட்டு பொதுவிற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்துக்கும், லிற்றில் றிச்சர்ட்டின் தட்டு 17ஆம் இடத்துக்கும் வந்தன.

மாலையில் லசால் வீதிக்குச் சென்று டியூ ட்ரொப் இன் விடுதியைப் பார்த்தோம். 1939இற் சவரச்சாலையாகத் தொடங்கி, உணவகம், தங்குவிடுதி, ஆட்டமண்டபம் என வளர்ந்த இடம் அது. நகரின் வாத்தியக்காரர் விடியும்வரை ஜாஸ் வாசித்தது இங்கேதான். வெள்ளையரும் கறுப்பரும் கூடியிருப்பதைச் சட்டம் பொறுக்கவில்லை. 1952இல் அங்கு சென்ற சகரி ஸ்கொட் என்னும் வெள்ளையத் திரைப்பட நடிகரையும் விடுதி உரிமையாளர் பிராங் பெய்னியாவையும் பொலிசார் கைதுசெய்தனர். நாம் சென்றபோது, 2005ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற் சிதைந்த கட்டடம் பூட்டிக் கிடந்தது. 2024இல் அது புதுக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டதென்று அறிந்து மகிழ்ந்தோம்.

றம்பார்ட் வீதிக் கலையகம் 1956இல் வேறிடத்துக்கு மாறியது. பாமர் 1957இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று, ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளுக்கு வாசித்தார். "லா பம்பா"வின் முழவும் அவருடையதே. டைலர் 1980களின் நடுவில், தம் பெயரிலேயே ஜாஸ் இசைத்தட்டுகள் வெளியிட்டார். 1999 டிசெம்பர் 10ஆம் நாள், டொமினோவின் முதற் பதிவுக்குச் சரியாக 50 ஆண்டு நிறைந்த அன்று, இந்தச் சலவைக் கடைக் கட்டடம் சரித்திரச் சின்னமாயிற்று. 2000ஆம் ஆண்டு, றொக் அன்ட் றோல் புகழ் மண்டபம் பக்கவாத்தியக்காரருக்கெனத் தனிப்பிரிவு வகுத்தபோது, முதன்முறை சேர்க்கப்பட்டோருள் ஏர்ல் பாமரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 75.

நாம் அந்நகரில் நின்ற நாளில் டொமினோவும் பார்த்தலோமியுவும் உயிரோடிருந்தனர். டொமினோ 2017இல், 89ஆம் வயதில் மறைந்தார். பார்த்தலோமியு 2019இல், நூறாண்டு கண்டு மறைந்தார்.

சொல்லாது வைத்த காரணம்

எமது கல்லூரியில் மாணவன் ஒருவன் இருந்தான். மிருதங்கத்தில் நல்ல ஞானம் உடையவன், பரிசுகள் வென்றவன். கல்லூரியை விட்டதும் மெல்லிசைக் குழுவொன்றிற் சேர்ந்து, கலியாண வீடுகளிலும் திருவிழா இரவுகளிலும் சினிமாப் பாட்டுகளுக்கு மேல்நாட்டு முழவு அடிக்கலானான். ஒருநாள் வீதியிற் கண்டபோது, "மிருதங்கம் படிச்ச கையாலை இதை அடிக்கலாமோ, தம்பி?" என்று கேட்டோம். "சேர், வீட்டிலை நாலு பேர் இருக்கினம். கையிலை கிடக்கிறது இந்த ஒரு வித்தைதான்" என்றான். நாம் தலையை ஆட்டிவிட்டு அப்பாற் போனோம். அதன்பின் எம்மைக் காணும்போதெல்லாம் அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு ஒழுங்கையாற் போனான். மாணவனுக்கு வழிகாட்டினோம் என்ற திருப்தியோடு ஒரு முள்ளும் எம் நெஞ்சிற் கிடந்தது.

சலவைக் கடையின் சுவரிலிருந்த படங்களின் முன் நின்றபோது அம்முள் அசைந்தது. கூலிக்கு வாசித்த இடத்தில் இவர்கள் தம் வித்தையை வாசலிற் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அதை எளிய பாட்டுக்குள் கொண்டு சென்றனர். எளிய பாட்டு அதனால் உயர்ந்தது. வித்தை அதனால் தாழவில்லை. இதைக் கேட்டறியாமல், ஒருவன் எங்கே வாசிக்கிறான் என்பதைக் கொண்டு என்ன வாசிக்கிறான் என்பதை நாம் தீர்ப்பிட்டுவிட்டோம்.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டு, கோயில் திருவிழாவொன்றில் அவனது குழு வாசித்தது. மேடையின் பக்கமாக நின்று, பாடகரை விட்டுவிட்டு அவனை மட்டும் கேட்டோம். நிகழ்ச்சி முடிந்ததும் அவனிடம் சென்றோம். ஒதுங்குவதற்கு இடமில்லாதபடியால் எழுந்து நின்றான்.

"நல்லாயிருந்தது, தம்பி. நாலாவது பாட்டிலை நடுவிலை ஒரு இடத்திலை நடை மாறினது போலை கிடந்தது..." என்றோம்.

அவன் முகம் மலர்ந்தது. "சேர், அதைக் கண்டு பிடிச்சிட்டீங்களோ! அதிலை திஸ்ரம் போட்டனான். ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு நினைச்சன்" என்றான்.

பின்னர் அவனைப் பக்கத்தில் இருத்தி, நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சலவைக் கடையின் கதையைச் சொன்னோம். ஏர்ல் பாமரின் பெயரை அவன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எமது தந்தையாரின் பழைய தட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கேட்பதாகச் சொல்லி, முழவுகளைக் கழற்றி உறையிலிடத் தொடங்கினான்.